கூரைக் கணக்கு: வில்லியனூர், பாகூர் வீடுகளும் ஒரு பிரெஞ்சுக்காரரின் சூத்திரமும்

கத்திரி வெயில் நாட்களில் வில்லியனூர் பக்கமோ பாகூர் பக்கமோ இரவு தங்கியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமாக இருக்கும். மணி ஒன்பதைத் தாண்டியிருக்கும். வெளியே காற்று ஓரளவு ஆறியிருக்கும். ஆனால் கான்கிரீட் வீட்டுக்குள் மின்விசிறி அனலைத்தான் வாரி இறைக்கும். வீட்டில் இருப்பவர்கள் தரையில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள், பிறகு பாய் தலையணையோடு மொட்டை மாடிக்கு ஏறிவிடுவார்கள். கொல்லைப்பக்கம் மிச்சமிருக்கும் கீற்றுக் கொட்டகையில் மாடு பாட்டுக்கு நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருக்கும்!

மாட்டுக்குக் கிடைக்கிற குளிர்ச்சி மனுஷனுக்கு ஏன் கிடைக்கவில்லை? "அந்தக் காலத்துல பெரியவங்க சும்மாவா கட்டினாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். முடித்தால் சுவாரசியமான ஒரு கணக்கைத் தவறவிட்டுவிடுவோம். அந்தக் கணக்குக்கு இருநூறு வருடக் கதை இருக்கிறது. அதைத் தொடங்கி வைத்தவர், புதுச்சேரியை ஆண்ட அதே பிரான்ஸ் நாட்டு ஆள்.

குளிர் தாங்காத கலெக்டர்

ஜோசப் ஃபூரியே 1768இல் பிறந்தார். தையற்காரர் மகன், சின்ன வயதிலேயே அப்பா அம்மா இருவரையும் இழந்தவர். 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போனார். திரும்பி வந்ததும் நெப்போலியன் அவரைக் கிரெனோபிள் பகுதிக்கு நிர்வாகியாக்கினார் (நம் ஊர் கலெக்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்). கோப்புகளில் கையெழுத்துப் போட்ட நேரம் போக மிச்ச நேரத்தில் மனிதர் ஒரே ஒரு விஷயத்தையே யோசித்தார். சூடு ஒரு பொருளுக்குள் எப்படி நகர்கிறது? எகிப்து வெயிலுக்குப் பழகிவிட்டதாலோ என்னவோ, அவருடைய அறை எப்போதும் மற்றவர்கள் உட்கார முடியாத அளவுக்குச் சூடாகவே இருக்கும் என்று சொல்வார்கள்.

1807இல் தன் ஆய்வைப் பாரிஸில் கொடுத்தார். லக்ராஞ்ச் போன்ற பெரிய தலைகள் கணக்குமுறை சரியில்லை என்று ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகமாக வெளிவர 1822 வரை ஆனது. இதில் ஒரு வேடிக்கை. அவர் அந்த ஆய்வைக் கொடுத்த 1807இல் புதுச்சேரியே பிரெஞ்சுக்காரர் கையில் இல்லை. 1803இல் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தார்கள், 1816இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். டூப்ளே காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரெஞ்சு ஆட்சிக்குள் வந்த வில்லியனூரும் பாகூரும் இப்படிக் கை மாறி மாறிப் போனவைதான். 1752இல் பாகூரிலேயே இரண்டு படைகளும் மோதின, ஆங்கிலேயர் ஜெயித்தார்கள். அது தனிக் கதை.

ஃபூரியே சொன்னதைச் சுவருக்கும் அடுப்புக்கும் பொருத்திப் பார்த்தவர் இன்னொரு பிரெஞ்சுக்காரர், எழேன் பெக்லே. 1828இல் வெப்பத்தின் பயன்பாடுகள் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பிறகு ஜெர்மனியில் ஹெர்மன் ரீட்ஷெல் 1885இல் பெர்லினில் இதற்கென்றே பேராசிரியர் ஆனார். ஒரு கட்டடத்தின் சுவர், கூரை, தரை வழியாக எவ்வளவு சூடு வெளியே போகிறது, அதை ஈடுகட்ட எவ்வளவு பெரிய கணப்பு வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்குப் போடும் வழக்கம் இப்படித்தான் ஊன்றியது. எல்லாம் குளிர்தேசத்துக் கவலை. அங்கே சூடு என்பது கரி வாங்கிய காசு. அது சுவர் வழியாகக் கசிந்தால் நஷ்டம்.

நம் பக்கம் கதை தலைகீழ். வெளியிலிருந்து உள்ளே வருவதுதான் பிரச்சினை. ஆனால் சூத்திரம் அதே சூத்திரம்தான். வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவே.

தனிவட்டி மாதிரி ஒரு சூத்திரம்

வணிகவியல் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். தனிவட்டிக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? அசல் பெருக்கல் விகிதம் பெருக்கல் காலம். இதுவும் அப்படித்தான். அசல் இடத்தில் கூரையின் பரப்பு. காலத்தின் இடத்தில் வெளியே, உள்ளே இருக்கும் வெப்பநிலை வித்தியாசம். வட்டி விகிதத்தின் இடத்தில் 'யு மதிப்பு' என்று ஒன்று. ஒரு சதுர மீட்டர் கூரை, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் சூட்டை விடுகிறது என்பதே யு. எண் குறையக் குறைய நல்ல கூரை.

யு எப்படிக் கிடைக்கிறது? கூரையில் உள்ள ஒவ்வொரு அடுக்கின் தடிமனையும் அந்தப் பொருளின் கடத்தும் திறனால் வகுத்தால் அந்த அடுக்கின் 'தடை' வரும். எல்லாத் தடைகளையும் கூட்டி, ஒன்றை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் யு. கடத்தும் திறன் எண்களைத் தேடி அலைய வேண்டாம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987இல் வெளியிட்ட எஸ்.பி. 41 என்ற கையேட்டில் நம் ஊர்ப் பொருட்களுக்கே இருக்கின்றன. கான்கிரீட்டுக்கு 1.58, செங்கலுக்கு 0.81, சுண்ணாம்புக் கான்கிரீட்டுக்கு 0.73. ஓலை, வைக்கோல் கூரைக்குச் சுமார் 0.07.

கடைசி எண்ணைக் கவனியுங்கள். கான்கிரீட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம் ஓலை அல்ல, ஓலைகளுக்கு நடுவே சிறைப்பட்டுக் கிடக்கும் காற்று. அசையாத காற்றைப் போல மலிவான தடுப்பு எதுவும் இல்லை. ஐரோப்பாவில் விலை கொடுத்து வாங்கும் கண்ணாடி இழைப் பஞ்சு செய்வதும் இதே வேலையைத்தான்.

ஒரே அறை, நான்கு கூரை

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 11 சதுர மீட்டர். மே மாதப் பிற்பகல். காற்று 35 டிகிரி என்றாலும் வெயில் நேராக விழும் கூரையின் நிலைமை வேறு. காற்றின் சூட்டையும் வெயிலையும் சேர்த்து ஒரே வெப்பநிலையாகச் சொல்லும் உத்தியை 1940களில் அமெரிக்காவில் மேக்கி, ரைட் என்ற இருவர் பரப்பினார்கள். அதன்படி சாம்பல் நிறச் சிமெண்ட் கூரைக்கு அது சுமார் 60 டிகிரி வரும். அறைக்குள் 33 என்று வைத்தால் வித்தியாசம் 27.

முதலில் கீற்று. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பூமி, புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் எடுத்தது. வைக்கோலுக்கும் பஞ்சமில்லை, தென்னைக்கும் பஞ்சமில்லை. அரையடி கனத்துக்கு நன்றாக வேய்ந்த கூரையின் யு சுமார் 0.43. பெருக்கிப் பார்த்தால் 130 வாட்டுக்குக் கீழே. பழைய குண்டு பல்பு இரண்டு எரிகிற சூடு.

அடுத்து வசதியான வீடுகளின் மச்சு, அதாவது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்பில் ஒட்டி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்புக்குக் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுடுவார்கள், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை ஊற்றுவார்கள். புதுச்சேரி நகரத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை காலத்து மாளிகைகள் தொடங்கிக் கிராமத்துப் பெரிய வீடுகள் வரை இந்தத் தளம்தான். இதன் யு சுமார் 2. அறைக்குள் வரும் சூடு 600 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

மூன்றாவது இன்றைய கான்கிரீட். 12 செ.மீ. தளம், கீழே பூச்சு, மேலே ஒன்றுமில்லை. யு 3.3. ஏறத்தாழ 980 வாட். ஒரு கிலோவாட் ஹீட்டரை மே மாதத்தில் உள்ளே ஆன் செய்து வைத்த மாதிரி! இதிலும் ஒரு கூத்து உண்டு. இந்தக் கூரையின் மொத்தத் தடை 0.30. அதில் தளமும் பூச்சும் சேர்ந்து தருவது 0.09தான். மீதி 0.21, தளத்தின் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் தருவது. அரையடிக்குக் கொஞ்சம் குறைவான கனத்தில் கம்பி கட்டிக் கொட்டிய தளத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத காற்றே இரண்டு மடங்குக்கு மேல் வேலை பார்க்கிறது.

நான்காவது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். யு 4.3, சூடு 1,270 வாட்டுக்கு மேல். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை, உள்ளே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஓட்டு வீட்டை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். மெல்லிய ஓட்டின் யு ஷீட்டைப் போலத்தான் இருக்கும். கணக்குப்படி அதுவும் சுட்டெரிக்க வேண்டும். ஆனால் நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு ஏறும். இடுக்கெல்லாம் சந்து. மேலே தேங்கும் சூடான காற்று அந்தச் சந்துகளில் வெளியேறிவிடும். சீமை ஓடு (1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஆலை வைத்துப் பரப்பியது) கொஞ்சம் இறுக்கமானது, ஆனாலும் மூச்சு விடும். யு கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது என்பதற்கு ஓடு நல்ல சாட்சி.

சுவரையும் தரையையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு 2 அளவில் வரும், ஒன்றரை அடி மண்சுவர் என்றால் 1.3. ஆனால் புதுச்சேரி இருப்பது 12 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் கடைசியில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். வெயிலை வாங்குவது கூரைதான். சுவரைத் தாழ்வாரமும் திண்ணையும் பார்த்துக்கொள்ளும். தரையோ, ஐரோப்பியர் கணக்கில் நஷ்டக் கணக்கு, இங்கே லாபக் கணக்கு. சாணி மெழுகிய தரையும் சிவப்பு ஆக்சைடு தரையும் பகலில் நம் சூட்டை வாங்கி மண்ணுக்குள் அனுப்பும். மதியம் வெறுந்தரையில் படுக்கும் வழக்கத்தின் பின்னால் இருப்பது இதுதான்.

இரவில் ஏன் அனல்?

மேலே போட்ட கணக்கு சூடு ஒரே சீராகப் பாய்கிறது என்று வைத்துப் போட்டது. நிஜத்தில் சூரியன் ஏறும், இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தையும் யோசித்தவர் ஃபூரியேதான். பூமியின் மேற்பரப்பில் பகல் இரவாக, கோடை குளிராக மாறும் சூடு மண்ணுக்குள் இறங்க இறங்க அலை மாதிரி தாமதமாகவும் மங்கலாகவும் போகும் என்று காட்டினார்.

கான்கிரீட் தளத்திலும் அதே அலை. மத்தியானம் உச்சிக்குப் போன சூடு அடிப்பக்கம் வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சாயங்காலம் வேலை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் அது சரியாக உள்ளே எட்டிப் பார்க்கும்! தளம் சேர்த்து வைத்த சூட்டை இரவு வரை தவணை முறையில் கொடுத்துக்கொண்டிருக்கும். கீற்றில் சேர்த்து வைக்கக் கனமே இல்லை. சூரியன் சாய்ந்ததும் அதுவும் ஆறிவிடும். மாட்டின் நிம்மதிக்குப் பின்னால் இருப்பது 0.43 மட்டுமல்ல, இதுவும்தான்.

அப்படியானால் கீற்றுக்கே திரும்பிவிடலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளில் ஓலைக் கூரையின் கீழ் ஒரு இரவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தங்குபவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூரை மாற்ற ஆள் இருக்கிறது. குடிசையில் இருப்பவருக்கு அந்தக் கூரை தீராத செலவு. இரண்டு மூன்று வருடத்தில் மக்கும், மழையில் ஒழுகும், எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். ஒரு பொறி விழுந்தால் தெருவே போகும். கல்வீடு என்ற சொல்லில் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டிருப்பது சும்மா இல்லை. குடிசையை மாற்ற புதுச்சேரி அரசு கொண்டுவந்த திட்டத்துக்கே காமராஜர் கல்வீடு கட்டும் திட்டம் என்றுதான் பெயர்.

பிறகு 2011 டிசம்பர் 30 வந்தது. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அன்று விடிந்தபோது பாகூர் பக்கம் கூரையோடு நின்ற குடிசையைத் தேட வேண்டியிருந்தது. அப்படி ஒரு இரவைப் பார்த்தவரிடம் போய் யு மதிப்பு பற்றிப் பேசினால் என்ன சொல்வார்? புயலுக்குத் தாங்கும் வீடுதான் முதல் தேவை. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

கேள்வி கான்கிரீட் வேண்டுமா வேண்டாமா என்பது அல்ல. அந்தத் தளத்தின் மேல் எதைப் போடுகிறோம் என்பதுதான். இதற்கான விடை புதுச்சேரி நகரத்திலேயே பல வருடங்களாக நின்றுகொண்டிருக்கிறது.

கோல்கொண்டா

அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி கோல்கொண்டா. ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரி மூலமாகப் பணம் வந்ததால் இந்தப் பெயர். வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் செய்த அன்டோனின் ரேமண்ட். அவரோடு ஜார்ஜ் நாகஷிமா (பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான்களுக்குப் பேர் போனவர்), ஃபிரான்டிஷெக் சாமர் ஆகியோர். 1937இல் வேலை தொடங்கியது. நடுவில் உலகப் போர் வந்ததால் 1940களிலும் நீண்டது. இந்தியாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் முக்கியமானது இது.

கான்கிரீட்டின் குணம் தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். தட்டையான தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை வரிசையாக அடுக்கி, நடுவில் காற்று போக இடைவெளி விட்டார்கள். வெயிலை வாங்குவது மேல் ஓடு. அதன் சூட்டை இடைவெளிக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். கீழே உள்ள தளம் நிழலிலேயே இருக்கும். வடக்கு, தெற்குப் பக்கங்களில் சுவருக்குப் பதிலாகத் திறந்து மூடும் அகலச் சட்டங்கள். அறைக்கு ஏ.சி. இல்லை. கூரைக்கு ஒரு குடை பிடித்தார்கள், அவ்வளவுதான் விஷயம்.

அதன் பிறகும் இந்த வட்டாரத்தில் பரிசோதனைகள் நிற்கவில்லை. 1968இல் தொடங்கிய ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டடங்களுக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. அங்கே அழுத்திய மண்கற்களால் எழுந்த பார்வையாளர் மையம் 1992இல் ஹசன் ஃபாத்தி விருது வாங்கியது. ரே மீக்கர் என்ற மட்பாண்டக் கலைஞர் இன்னும் ஒரு படி போய், பச்சை மண்ணால் வீட்டைக் கட்டி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டெடுத்தார்! இவையெல்லாம் படம் எடுத்துப் போட அருமையானவை. வில்லியனூர் கல்வீட்டுக்கு எத்தனை வந்து சேர்ந்தன என்று கேட்டால் பதில் சங்கடமானது.

இத்தனைக்கும் செலவு பெரிதில்லை. தளத்தின் மேல் 10 செ.மீ. சுண்ணாம்புச் செங்கல் ஜல்லியும் தட்டோடும் போட்டாலே யு 3.3 என்பது 2.1 அளவுக்கு இறங்கும். பழைய கொத்தனார்கள் தவறாமல் போட்டது, சிக்கனம் என்று சொல்லி இப்போது முதலில் வெட்டப்படுவது. மண்குடுவைகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே காரை பூசுவதும் பழைய உத்திதான். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் குடுவைக்கா பஞ்சம்? ஒன்றுமே முடியாவிட்டால் வெள்ளைச் சுண்ணாம்பு. அது யு மதிப்பைத் தொடாது, ஆனால் 60 டிகிரியை 50க்குக் கொண்டுவரும். கொஞ்சம் அழுக்கேறிய வெள்ளைக்கே இந்தப் பலன். அந்த 980 வாட் 620 ஆகிவிடும், கிட்டத்தட்ட மச்சு வீட்டு நிலைமைக்கு. மழையில் கரையும், வருடா வருடம் அடிக்க வேண்டும் என்பதுதான் தொல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1978ஆம் ஆண்டின் ஐ.எஸ். 3792 என்ற இந்தியத் தரம், நம்மைப் போன்ற வெப்பப் பகுதிகளில் கூரையின் யு 2.33ஐத் தாண்டக்கூடாது என்று வழிகாட்டியது. மச்சு வீடு பாஸ். மேலே ஒன்றும் போடாத கான்கிரீட் ஃபெயில். ஆனால் அது வழிகாட்டிதான், கட்டாயம் இல்லை. அதற்குப் பிறகு நாடு முழுக்க எழுந்த கல்வீடுகளைப் பார்த்தால் யார் படித்தார்கள் என்று புரியும்.

2018 டிசம்பரில் மத்திய மின்துறை 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கான விதித்தொகுப்பை வெளியிட்டது. அதில் கூரைக்கு உச்சவரம்பு 1.2. இந்த அளவுகோலில் மெட்ராஸ் டெரஸே தோற்றுவிடும். கான்கிரீட் ஜெயிக்க வேண்டுமானால் மேலே இரண்டு செ.மீ. கனத்துக்குத் தெர்மாகோல் மாதிரியான தடுப்பும் அதற்குப் பாதுகாப்புத் தளமும் வேண்டும். நாம் பார்த்த நான்கு கூரைகளில் எந்தச் சேர்க்கையும் இல்லாமல் பாஸாவது ஒன்றே ஒன்று, கீற்று!

அந்த விதிகள் மாநிலங்கள் ஏற்று அறிவித்தால்தான் நடைமுறைக்கு வரும். வந்தாலும் 500 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனையில் எழும் குடியிருப்புகளுக்குத்தான். 500 சதுர மீட்டர் என்றால் சுமார் 5,400 சதுர அடி, இரண்டு கிரவுண்டுக்கும் மேல். ஏ.சி. வாங்க வசதி உள்ளவரின் கூரைக்கு விதி இருக்கிறது. பாகூரில் மூன்று சென்ட் மனையில் கல்வீடு கட்டுபவரின் கூரைக்கு 1978இன் அந்தப் பழைய வழிகாட்டிதான்.